கேட்டால் மட்டும் சொல்லவும்

காலை எட்டு மணிக்கு எனக்கு வயிற்றுவலி தொடங்கும்.
பன்னிரண்டு அடித்ததும் நின்றுவிடும்.
கையெழுத்துப் போட்டால் எண்பது பொலிவியானோ.

கொச்சபம்பா மருத்துவக் கல்லூரி, மூன்றாவது மாடி,
தேர்வுக்கென்று வரிசையாகப் பத்து அறைகள்.
நான் ஆறாம் அறை.
தாளில் வேறு பெயர், வேறு வயது,
என்னுடையதைவிட இரண்டு பிள்ளைகள் கூடுதல்.
வலது விலாவுக்குக் கீழே குத்தல்,
எண்ணெய்ப் பலகாரம் தின்றால் முதுகுக்கு ஏறும்.
இதையெல்லாம் வாய் திறந்ததும் சொல்லிவிடலாம்.
அடியில், சாய்வெழுத்தில் ஒரே ஒரு வரி:
ஆபரேஷன் என்றால் கடையை யார் பார்ப்பது என்று பயம்.
பக்கத்திலேயே கட்டளை:
கேட்டால் மட்டும் சொல்லவும்.

முன்பு நிஜமான வலியோடு போயிருக்கிறேன்.
பதினெட்டு வருடம் இருக்கும். ஒன்பதாம் கட்டில்.
பேராசிரியர் போர்வையை விலக்கினார்.
பதினான்கு கைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குளிர்.
"பித்தப்பை" என்றார் ஸ்பானிஷில்,
என் முகத்துக்கு மேலாக, ஜன்னலைப் பார்த்து.
யாரோ சிரித்தார்கள்.
வேறு எதற்காகவோ இருக்கலாம்.

இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டதாம்.
கெச்சுவா பேசுகிறவளிடம் கெச்சுவாவில் கேட்க வேண்டுமாம்.
என்னை அழைத்ததே அதற்குத்தான்.

முதல் பையன் சுவரிலிருந்த கேமராவுக்கு வணக்கம் சொன்னான்.
அடுத்தவள் கை கழுவினாள், கழுவினாள்,
சோப்புக்கு இரண்டு மதிப்பெண்.
யாமிலே என்ற பெண் "எங்கே வலிக்கிறது" என்றாள்
என் மொழியில்,
அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி.
எனக்குப் பிடித்திருந்தது.
ஐந்தாமவன் "உங்கள் கஷ்டம் புரிகிறது" என்றான்.
அதற்கு ஒரு கட்டம் உண்டு.
கண்ணாடிக்குப் பின்னால் டிக் விழும் ஓசை
அவன் காதுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும்,
உடனே எழுந்துவிட்டான்.

அந்த ஒரு வரியை
கோக்கா இலைபோலக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தேன்.
ஏழு நிமிடம், மணி. ஏழு நிமிடம், மணி.
சாறு இறங்கிக் கசந்தது.

எட்டாவதாகத் தோபியாஸ்.
சட்டைக் காலரில் மை.
என்ன வேலை என்றான். உருளைக்கிழங்கு வியாபாரம் என்றேன்.
எந்தக் கிழங்கு என்றான்!
தாளில் அது இல்லை, நானாகச் சொன்னேன்: இமில்யா.
தன் வீட்டிலும் அதுதான் என்றான்.
என் வயிற்றை அவன் தொடவே இல்லை, காய்ச்சல் பார்க்கவில்லை,
சோப்பு உலர்ந்தே கிடந்தது.
"இப்போது கடையில் யார் இருக்கிறார்கள்?"

வாய் திறந்தேன்.
மணி.

டாக்டர் லிசெத் உள்ளே வந்தாள்.
கேட்டானா?
கேட்டான்.
சொன்னாயா?
மணி அடித்துவிட்டதே.
அந்தக் கட்டத்துக்கு அரை மதிப்பெண்.
பென்சில் அதன்மேல் வெகுநேரம் நின்றது.
தொட்டதா தெரியாது,
எனக்குத் தலைகீழாகப் படிக்க வராது.

அரையை ஒன்றாக்கலாமா, எடுத்தேவிடலாமா என்று
மூன்று கூட்டம் நடந்ததாக
காபி கொண்டுபோகிறவன் சொன்னான்.
பயத்தை எப்படி அளப்பது என்று ஒருவர் மேஜையைத் தட்டினாராம்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
மணியைக் கொஞ்சம் தள்ளி அடியுங்கள் என்றிருப்பேன், ஒருவேளை.

வியாழக்கிழமை சந்தையில்
அந்த ஐந்தாமவன் வந்தான்.
கக்கத்தில் சுருட்டிய வெள்ளைக் கோட்டு.
மடிப்புப் பாவாடையும் தொப்பியுமாக இருந்த என்னை
அடையாளம் தெரியவில்லை அவனுக்கு.
இரண்டு கிலோ என்றான்.
சில்லறையை மூன்று தடவை எண்ணினான்,
மூன்று தடவையும் வேறு வேறு தொகை.

"தூங்கினாயா?" என்றேன்.

முப்பத்திரண்டு மணி நேரம் என்றான்.
அதோடு நிறுத்தவில்லை.
ஏதோ ஒரு வார்டு, ஒரு குழந்தை,
அதன் கைக்குப் பெரிதாயிருந்த ஊசி,
தானே போய்த் தாயிடம் சொல்லும்படி அனுப்பியது,
தாய்க்கு ஸ்பானிஷ் தெரியாதது.
தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது.
பின்னால் நின்றவள் முணுமுணுத்தாள்.

மணி அடிக்க
அங்கே ஆள் இல்லை.